சம்பந்தி வீட்டார் கொண்டு வந்த மூன்று துண்டுகள்

பின்னல் என்ன பெரிய வித்தை? இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்வம்பு பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் பின்னுவார்கள். பிசகிப்போனால் நூலை உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். துணி அப்படியா? கத்தரி விழுந்துவிட்டால் விழுந்ததுதான். நான் துணி வெட்டிச் சாப்பிட்டவள்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் படித்ததோடு சரி. தேயிலைத் தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் பிறந்தவள்தான். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு மாத்தளை டவுனுக்கு வந்து, வாடகை மெஷினில் தைக்கத் தொடங்கி, சொந்தக் கடையும் கடைக்குப் பின்னால் வீடும் வைத்தேன். யார் தந்தது? ஒருவரும் தரவில்லை. என் வீட்டுக்காரர் பட்டன் தைத்துக் கொடுத்தார். அதுவும் சொன்னால்தான்.

மகளை ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் கட்டிக் கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். ஆண் பிள்ளை. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. பெற்றவள்தான் காகிதமாக வெளுத்துப்போனாள். கட்டிலை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அந்த வீட்டிலோ, விடியுமுன் பனிக்குள், மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு நடந்து தண்ணீர் சுமக்க வேண்டும். இவள் மருமகளாகப் போன நாளிலிருந்து அங்கே வேறு யாரும் குடத்தைத் தொட்டதில்லை. அந்த நிலையில் அவளை அனுப்பினால் மறுபடி உயிரோடு பார்ப்பேனோ என்று எனக்குப் பயம்.

அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தகப்பன் வீட்டுப் போர்வையில் சுற்றித்தான் கூட்டிப்போவார்கள். போர்வை போட்டால் அன்றைக்கே பயணம். தாய்வீட்டுத் துணி மேலே படக்கூடாதாம். நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இவர்கள்.

சம்பந்தியம்மா, என் மகள் சுமக்கும் தண்ணீரையே குடிக்கிற பக்கத்து வீட்டுத் தங்கைகள் இரண்டு பேரோடு பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மூன்று துண்டுகள். போர்வையின் ஒரு பாதி பெரிய தங்கை பின்னியது, மறு பாதி சின்னவள் பின்னியது. பிள்ளையின் தலையை மூடுகிற முக்கோணத் தொப்பித்துண்டு சம்பந்தியம்மாவின் கைவண்ணம்.

"தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போன சுவெட்டரைப் பிரிச்சதுங்க. லண்டன் நூல்."

"அங்கங்க முடிச்சுப் போட்டிருக்கே, அதுவும் லண்டன் முடிச்சுங்களா?" என்றேன்.

சம்பந்தியம்மா டின்னை என் பக்கம் தள்ளினாள். "மூட்டுறதுதான் பாக்கி. நாங்க பின்னுவோமே தவிர தைக்கிற பழக்கம் இல்லைங்க, சம்பந்தியம்மா. கூலித் தையலெல்லாம் உங்களுக்குத்தானே வரும். மத்தியானத்துக்குள்ள மூட்டிட்டீங்கன்னா பின்னேர பஸ்ஸுக்குக் கிளம்பிருவோம்."

உள்வாசலில் சுவரைப் பிடித்து நின்ற மகள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

என்னை மட்டம் தட்டுவதாக நினைத்துக்கொண்டு, பயணத்தையே என் மடியில் கொண்டுவந்து போட்ட புத்தியை என்னவென்று சொல்வது?

துண்டுகளை மேசையில் விரித்தேன். ஒரு பாதி சாக்கு மாதிரி இறுக்கம், மற்றது மீன்வலை. வலை ஒரு சாண் கூடுதல் நீளம் வேறு. அதைச் சுருக்கிக் கொடுத்து மூட்டுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. சட்டைக் கையைத் தோளில் ஏற்றும்போது தினமும் செய்கிறதுதான். அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

"இதுல யாரோ ஒருத்தருக்குக் கை கோணல். மூட்ட முடியாதுங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

"நான் புத்தகத்துப் படத்தைப் பார்த்துத்தானே பின்னினேன்," என்றாள் பெரிய தங்கை.

"நீ படத்தை மட்டுந்தான் பார்த்த. ஊசியைப் பார்க்கல," என்றாள் சின்னவள்.

"வாயை மூடுங்கடி, வந்த இடத்துல!" என்று அதட்டினாள் சம்பந்தியம்மா.

"உன் தொப்பி மட்டும் என்னக்கா? பிள்ளைக்கா, பூசணிக்காய்க்கா?" என்றாள் சின்னவள்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கடைப்பக்கம் ஓடினார். மூவரும் டின்னைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையும் தாயும் இல்லாமல் பஸ் ஏறினார்கள். நான் ஈரல் வாங்கிவரச் சொல்லி மகளுக்கு சூப் வைத்தேன்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். நீளமாகப் பின்னியவள் உருவிக் குட்டையாக்கியிருந்தாள். குட்டையாகப் பின்னியவளும் உருவி நீளமாக்கியிருந்தாள்! அடுத்தடுத்த வீடு. ஒருத்தி துண்டை மற்றவள் துண்டின் மேல் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் முடிந்தது. கௌரவம் விடவில்லை. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். அவர்களாகவே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அதற்குள் என் மகள் முருங்கைக்கீரையும் முட்டையும் தின்று, கடை வரைக்கும் நடந்து வந்து மெஷினில் உட்கார ஆரம்பித்தாள்.

மூன்றாம் முறையும் துண்டுகள் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பத்தான் வாயெடுத்தேன்.

"அம்மா, தைச்சிருங்க. நான் போறேன்," என்றாள் மகள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். சுவரைப் பிடிக்கவில்லை. முகத்தில் இரத்தம் இருந்தது.

நான் ஊசியில் நூல் கோத்தேன். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, இனிமே பீலிக்கு நான் மட்டும் போகமாட்டேன். முறை வச்சுத்தான்."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள். நான் ஊசியை அந்தரத்தில் நிறுத்தினேன். "இந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு போல," என்றேன், துண்டைத் தூக்கிப் பிடித்து.

"ஐயோ, திரும்பவுமா!" என்றாள் பெரிய தங்கை.

"சின்னவ போவா," என்றாள் சம்பந்தியம்மா அவசரமாக.

மத்தியானத்துக்குள் மூட்டினேன். வலையைச் சுருக்கி, சாக்கை இழுத்து, தொப்பியை மூலையில் உட்காரவைத்து, அதே கம்பளி நூலில் கையாலேயே தைத்தேன். ஒட்டு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தேன். மகள் தானே பஸ் படியில் ஏறினாள்.

ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களிடம், ஒட்டே இல்லாமல் மூன்று பேரும் சேர்ந்து பின்னியது என்று சம்பந்தியம்மா பெருமை அடித்தாளாம். அடிக்கட்டும். அந்த வாரமே சின்னவள் குடத்தோடு பனிக்குள் நடந்ததைத் தோட்டமே பார்த்தது.