ஜெட்டி முனையில் நீலப் பட்டைச் செருப்பு

இது உண்மையாகவே நடந்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். எங்கள் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு வரிகூடக் கூட்டவில்லை. கூட்டுவதாக இருந்தால் முதலில் என்னை நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

1998 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகி மூன்று மாதம். கல்கத்தாவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, பூர்ணிமாவைக் கடல் காட்டக் கூட்டிப்போனேன். கடலுக்குள் நீளும் கான்கிரீட் ஜெட்டி. கரையிலிருந்து முனைக்கு நடக்கப் பத்து நிமிடம். முனையில் எங்களைத் தவிர ஆளில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். நான் அதில் ஒன்றை எடுத்துக் கடலுக்கு மேலே ஆட்டி, "போடட்டுமா? போடட்டுமா?" என்றேன்.

"விளையாடாதீங்க."

விழுந்துவிட்டது. மணி 12.10.

தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. என் செருப்பைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தூணோரம் ஒரு ஜோடி பெண் செருப்பு இருந்தது. நீலப் பட்டை. கடலைப் பார்த்தபடி ஒழுங்காக வைத்திருந்தது.

"யாரோடதோ... வேண்டாங்க."

"டீக்கடைல கேட்டுக் குடுத்துடலாம். மகாராணி, காலை நீட்டுங்க."

குனிந்து வைத்தேன். கால்கள் நுழைந்தன. கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

சளக்... சளக்...

காய்ந்த செருப்பு. ஈரச் சத்தம்.

பிடித்த கை சில்லென்றிருந்தது. கோபம் போல என்று ஆபீஸ் ஜோக்குகளாக எடுத்துவிட்டேன். ஒன்றுக்கும் சிரிப்பில்லை. குற்றமுள்ள நெஞ்சு; முகத்தைப் பார்க்காமல் நேரே பார்த்தபடியே நடந்தேன்.

பாதி வழியில் கேட்டாள்.

"ஜோவார் கொகோன்?"

கடல் எப்போது ஏறும் என்று. வங்காளத்தில்.

பூர்ணிமாவுக்குத் தெரிந்த வங்காளம் ஒரே வார்த்தை. 'கொதோ'. காய்கறிக்காரனிடம் விலை கேட்க.

12.26. கரையில் டீக்கடை. கடைக்காரக் கிழவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார்.

"எங்க எடுத்தீங்க, தம்பி?" என்றார் வங்காளத்தில்.

"முனைல. யாரோடது?"

"எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. ரெண்டு பேருமே போங்க. ஓடாதீங்க."

"யாரோடதுன்னு..."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடி ஜெட்டி. தரையை விட்டுத் தலை நிமிராமல் நடந்தேன். சளக்... சளக்...

கையை விடப் பார்த்தேன்.

அது விடவில்லை.

12.38. தூண். கண்ணை இறுக மூடிக் குனிந்தேன். ஒரு கையால் கழற்றினேன். கடலைப் பார்த்து வைத்தேன்.

பிடி தளர்ந்தது.

கண்ணைத் திறந்தால், பூர்ணிமா பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"போலாம்" என்றாள். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவளுக்குள் ஏதோ புகுந்தது, புகவிட்டவன் நான். பதினோரு வருஷம் இதுதான் என்னை அரித்தது. கேட்டால், "போங்க, வேற வேலையில்ல" என்பாள்.

2009-இல் ஒரு நாள், லேக் கார்டன்ஸ் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டேன்.

"அந்தச் செருப்பைப் போட்டதும் உனக்கு என்ன பண்ணுச்சு?"

மடிப்பதை நிறுத்தினாள்.

"நான் எங்க போட்டேன்? நான் காலை நீட்டறதுக்குள்ள, பக்கத்துல நின்ன அந்தப் பொண்ணு நீட்டிட்டா. அவ கையைப் பிடிச்சிட்டுப் போனீங்க. தெரிஞ்சுதான் போறீங்கன்னு நெனச்சேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன்..."

"பூர்ணிமா..."

"நீங்க திரும்பல. அவதான் திரும்பிப் பாத்தா."