தேதி போடாத ராஜினாமா

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை புதுக்கோட்டை பஸ்ஸை அடைக்கலமேரி டீச்சர் தவறவிட்டதே இல்லை. குடுமியான்மலைக்கு அருகே ஒரு தனியார் நிர்வாகப் பள்ளியில் 1948 முதல் மூன்றாம் வகுப்பு எடுத்தார். அந்த வருடமே ஆசிரியர் சங்கக் கிளையில் சேர்ந்தவர். ஒன்பது வருடம் கழித்து, எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ.வாக நான் அங்கே வேலைக்குப் போனபோது என்னையும் சேர்த்துவிட்டார். புதுக்கோட்டையில் நடக்கும் மாதக் கூட்டத்தில் தீர்மானம் படிப்பார்கள், டீ வரும், கலைவோம். எதற்காகப் போகிறேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேவிட்டேன். "இதுல நமக்கு என்ன கெடைக்குது டீச்சர்?"

"நீங்க என்னத்தக் கொண்டு போறீங்க சார், கக்கத்துல அந்தக் குடையத் தவிர?"

1959-இல், பள்ளியை நடத்திய மானேஜரின் தங்கை மகள் டீச்சர் ட்ரெயினிங் முடித்து வந்தாள். மானேஜர் டீச்சரைக் கூப்பிட்டார். "காலாண்டுப் பரீட்சையோட நின்னுக்கங்க. ஒங்க ராஜினாமா எங்கிட்டதான் இருக்கு. தேதி போட்டாப் போதும்."

வேலையில் சேரும் அன்றே தேதி இல்லாத ராஜினாமாவை வாங்கிப் பூட்டி வைப்பது அவர் வழக்கம். நானும் கொடுத்திருந்தேன். வெட்கத்தால் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று சொல்லிவிட்டார். "பதினோரு வருசமா வாயத் தெறக்காதது என் தப்புதான். இங்க வேற யாரு குடுத்திருக்கீங்க?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து, வேறொரு பள்ளிக்காரரான வெள்ளைச்சாமி சார், "நான் ரெண்டு குடுத்திருக்கேன். மொதத் தாள்ல மை கொட்டிருச்சு" என்றார். சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பத்தொன்பது கைகள். என் கை மடியிலேயே இருந்தது.

நாங்களே நேரில் வந்து கொடுக்காத ராஜினாமா எங்களுடையது அல்ல என்று, பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டருக்கு மனு அனுப்ப முடிவாயிற்று. இங்கிலீஷில் எழுத வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓர் அடித்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அவர் கேட்காமலே, "வீட்டுல நாலு பேரு என்னை நம்பி இருக்காங்க" என்றேன்.

"எங்க வீட்டுல அஞ்சு பேரு."

மூன்றாம் வாரம் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். மானேஜர் அறையில் அரைமணி நேரம் இருந்தார். அவர் போனதும் மானேஜர் எங்களைக் கூப்பிட்டு அவரவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். டீச்சரின் தாள் பழுப்பேறியிருந்தது. என்னுடையதை நீட்டியவர், "அந்த மனுவுல ஒங்க பேரு இல்லையே. வெவரமான ஆளுதான்" என்று முதுகில் தட்டினார். டீச்சர் பக்கத்தில்தான் நின்றார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று குழம்பி, கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் பஸ் ஏறினேன். டீச்சர் தன் பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தார்.

"அறந்தாங்கிப் பக்கத்துலருந்து எட்டுப் பேரு வாராங்களாம். அவங்களுக்கும் மனு எழுதணும்."

"எழுதுறேன் டீச்சர். இந்தத் தடவை எம் பேரையும் போட்டுடுறேன்."

"தாளு கைக்கு வந்தப்புறமா சார்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.