கிணற்றுக்கு அடித்த பச்சை

எனக்கும் என் ஓரகத்திக்கும் நடுவே ஓர் ஆள் உயரச் சுவர்தான். பாகம் பிரித்தபோது ரோட்டோரத்து மனைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவள் நான். பின்பக்கமே போதும் என்று வாய் பேசாமல் போனவள் அவள். ரோட்டைத் தாண்டினால் சாயப்பட்டறைக் கழிவெல்லாம் கொட்டிய பள்ளம் என்பது அப்போது யாருக்கு உறைத்தது? எங்கள் வீட்டுப் பட்டறையின் சாயத்தண்ணீரும் அங்கேதான் போயிற்று.

இப்போது அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கெட்டுப்போன மண்ணைத் தோண்டித் தார்ப்பாய் மூடி லாரியில் ஏற்றுகிறார்கள். நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுகிறார்கள். சுற்றியிருந்த கிணறுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்து, குடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதிப்பார்கள். தேறிய கிணற்றுக்குப் பச்சை அடிப்பார்கள்.

முதல் பச்சை அவள் கிணற்றுக்கு வந்தது. வயிறு எரிந்தது எனக்கு, மறைப்பானேன். சுவருக்கு அந்தப்பக்கம் வாளி இறங்கும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. நான் கேன் வண்டிக்குக் காத்துக்கிடக்கிறேன், மகராசி மொண்டு மொண்டு குடிக்கிறாள். இரண்டு குடம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள் கூப்பிட்டதும் உண்டு. கேன் தண்ணீர்தான் எங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டேன். நான் என்ன பிச்சையா கேட்டேன்?

அடுத்த சோதனைக்கு ஒரு பெண் வந்தாள். ஓரகத்தி கிணற்றில் ஒரு பாட்டில், என் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்து, நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தாள். பாத்ரூம் போக வேண்டும் என்றாள், உள்ளே அனுப்பினேன். பெட்டி என் வாசலில் இருந்தது. இரண்டு சொம்பு எடுத்துவந்து, அந்தத் தண்ணீரை இதிலும் இந்தத் தண்ணீரை அதிலும் மாற்றி ஊற்றி மூடிவிட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

முடிவு வந்தது. எனக்குப் பச்சை. அவளுக்குத் திரும்பவும் சிவப்பு. அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை. பெயின்ட் வாசம் போகட்டும் என்று வீட்டில் சாக்குச் சொல்லி, கேன் தண்ணீரையே தொடர்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் குடத்தோடு வந்து நின்றாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குக் குடிக்க ஒரு குடம் மொண்டுகொள்ளட்டுமா என்று கேட்டாள். இல்லை என்று எதைச் சொல்லி மறுப்பது? தலையாட்டினேன். சிவப்பு அடிப்பதற்கு முன்னால் எல்லோரும் இதைத்தானே குடித்தோம், செத்தா போனோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடம் நிறையும் வரை கூடவே நின்றேன்.

விடிந்ததும் திரும்ப வந்தாள். கயிற்றை இறக்கிக்கொண்டே சிரித்தாள்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காச்சும் பச்சை வந்துச்சேக்கா. உங்களத்தான் நெனச்சிகினே இருந்தேன், பாவம், எவ்ளோ நாளா கேனுக்கு அல்லாடுனீங்க."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எடுக்க வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு குடத்துக்கா இந்தப் பேச்சு என்று நினைத்தாள் போல, குடத்தைத் தூக்கினாள். கஞ்சப்பிசினாறி என்று பேர் வாங்கிக்கொண்டு அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நேற்றைய தண்ணீர் அவள் வீட்டுப் பானையில் இருந்தது.

"அந்தத் தண்ணிய கீழ ஊத்திடு. பாட்டில் தண்ணிய நான்தான் மாத்தி ஊத்துனேன். உன் கிணறுதான் நல்ல கிணறு."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்து நான் மொண்டப்போ பக்கத்துலதானேக்கா நின்னுகினு இருந்தீங்க?"