பெருக்குத வேலை

சிவப்புச் சிமென்டுத் தரையில் சாக்பீஸ் கீச்சிடும் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பல் கூசும். பாலிகஞ்ச்சில் நாங்கள் குடியிருந்த சின்ன வாடகை வீட்டுக்கு, அமெரிக்காவிலிருந்து அம்மாவின் தம்பி வந்திருந்த அந்தப் பூஜை மாதம் முழுக்க, அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து டாலரை ரூபாயாக்கிக்கொண்டே இருந்தாள். மாமா வாயிலிருந்து எந்தத் தொகை விழுந்தாலும் அதைத் தரையில் எழுதிப் பெருக்கிவிடுவாள். மறுநாள் காலை, வீட்டு வேலைக்கு வரும் வங்காளி 'மாஷி' அந்தக் கணக்கின் மேலேயே துடைப்பத்தைப் போட்டுப் பெருக்குவாள்.

"ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு? இவுக ஒரு மாசம் ஆபீஸ் போய்ட்டு வந்தாலும் இது வரலியே" என்பாள் அம்மா.

"வாடகையச் சொன்னா மயங்கி விழுந்துருவ அக்கா. அங்க ஒருக்கா முடி வெட்டுத காசுல இங்க ஒரு வாரம் குடும்பமே சாப்பிடலாம்" என்பார் மாமா.

சம்பளத்தைப் பெருக்கிய அம்மா வாடகையைப் பெருக்கவில்லை. அந்தப் பேச்சு வந்தால் குழம்பைக் கிளறப் போய்விடுவாள்.

அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனி நொடித்துப்போய்ப் பாதிச் சம்பளம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. தன் கூட்டாளி கடையில் அப்பாவுக்கு ஒரு வேலை இருப்பதாகவும், விசாக் காகிதமெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகவும் மாமா சொல்லியிருந்தார். அப்பா போனால் வீடு நிமிர்ந்துவிடும் என்று அம்மா நம்பினாள். என்ன வேலை என்று மைத்துனனிடம் கேட்க அப்பாவுக்குத்தான் கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கும் வந்திருக்கிறது.

மாமா கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒருவழியாகக் கேட்டுவிட்டார். "அங்க வந்தா எனக்கு என்ன வேலடே இருக்கும்?"

அப்போது மாஷி, "பா துலுன், தாதா" என்று அப்பாவைக் காலைத் தூக்கச் சொல்லி நாற்காலிக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். மாமா, தரையில் இருந்த அம்மாவின் கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு வந்தாலும் முதல்ல கொஞ்ச நாள் பெருக்குத வேலதான் அத்தான். நானும் பெருக்கினேன். போகப்போக விட்டுரும்."

ரொட்டி வாங்கினாலும் பஸ் ஏறினாலும் மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்ப்பதைத்தான் அவர் சொன்னார். அப்பா தூக்கிய காலைக் கீழே வைக்காமல் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல."

"அத்தானுக்கு இந்த ஊரு மீன விட மனசில்ல அக்கா" என்று மாமா கேலி செய்தார், பிறகு கெஞ்சினார். அப்பா மசியவில்லை.

மாமா விமானம் ஏறிய பிறகு, சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "நாற்காலியில உக்காந்து வேல பாத்தவன அங்க வந்து பெருக்கச் சொல்லுதான் உன் தம்பி."

அம்மா சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஐயோ, அவன் ரூபாய்க் கணக்கத்தான சொன்னான்! வேலையும் கணக்கெழுதுத வேலதாங்க. உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் வேணா தம்பிக்கு எழுதட்டுமா?"

"என்னன்னு எழுதுவ? மோர ஊத்து" என்றார்.

பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பா காளிகாட்டில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தார். பில் போடுவார், காலையில் கடை திறந்ததும் முன்பக்கத்தைப் பெருக்குவதும் அவர்தான். பள்ளிக்கூடம் போகும்போது பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. நான் பன்னிரண்டாவதோடு நின்றேன்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மருந்துக்கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். என் மகள் நியூ டவுனில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அதே வேலைக்கு அங்கிருப்பவர்களுக்குப் பல மடங்கு சம்பளமாம். வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொல்கிறாள். ரூபாயில் எவ்வளவு என்று தரையில் எழுத யாரும் இல்லை, போன் சொல்லிவிடுகிறது.

போன குளிர்காலத்தில் மாமா வந்திருந்தார். மகள் ஆபீஸ் பக்கத்தில் காபி குடித்தோம். பில்லைப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட அங்க வெலதான் போல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அன்னைக்கு அத்தான் ஏன் வரலேன்னாரு? உனக்குத் தெரியுமா?"

"தெரியல மாமா."

"குளிருக்குப் பயந்துட்டாருன்னு நினைச்சேன்."

"இருக்கும் மாமா" என்றேன்.