நான்கு சோபா கம்பெனிகளும் எங்கள் டி கிரேடும்

சோபாவைத் திருட எவனும் இன்டர்நெட் வழியாக வரமாட்டான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்லியும் இருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஆள் நான்.

ஆம்பூர் பக்கம் ஒரு லெதர் சோபா கம்பெனியில் இ.டி.பி. இன்சார்ஜ் வேலை எனக்கு. கம்ப்யூட்டர், பார்கோடு, கேமரா, சர்வர், ஆபீஸ் ஏசி ரிமோட் காணாமல் போனால் தேடிக் கொடுப்பது, எல்லாம் என் டிபார்ட்மென்ட். டேனரியிலிருந்து தோல் வரும். கட்டிங் டேபிளில் வெட்டி, லைனில் தைத்து, மரச் சட்டத்தில் மாட்டி, கன்டெய்னரில் ஏற்றினால் எங்கள் வேலை முடிந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று, என் வாழ்க்கையில் நான் சிரிக்காமல் இருந்த ஒரு சீசனைப் பற்றி எழுதுகிறேன்.

1. ஆடிட்டருக்கு வாங்கிய முந்திரி

எங்கள் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வந்தது. அவர்களுக்கு சோபா செய்து கொடுக்கும் நான்கு ஃபர்னிச்சர் கம்பெனிகளின் சைபர் செக்யூரிட்டியையும் ஒரு வெளி நிறுவனம் மதிப்பிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு கிரேடு போடும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் வட்டாரத்தில் மதிப்பீடு என்றால் ஆடிட். ஆடிட் என்றால் கார் வரும், காரிலிருந்து ஆள் இறங்குவார். அவர் இறங்குவதற்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், தீ வாளியில் புது மணல் கொட்ட வேண்டும், முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மாத்திரையை எடுத்துவிட வேண்டும். கழிவுநீர் ஆடிட், லேபர் ஆடிட் எல்லாவற்றையும் இப்படித்தான் தாண்டி வந்தோம். ஆகவே நான் சர்வர் ரூமுக்கு பெயின்ட் அடித்தேன். ஒயர்களைச் சீவி முடித்து ஜடை போட்டேன். கதவில் ‘அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது’ என்று போர்டு மாட்டினேன். அதை மாட்ட வந்த கார்ப்பென்டர் என்னிடம் அனுமதி கேட்டார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

எங்கள் முதலாளியை நாங்கள் சாஹிப் என்று கூப்பிடுவோம். ஒருநாள் கேட்டார்.

“ஆடிட்டர் எப்போ வர்றாரு ஜெயராஜ்?”

“வந்துடுவாங்க சாஹிப். முந்திரி, பிஸ்தா வாங்கி வெச்சிருக்கேன்.”

ஆடிட்டர் வரவில்லை. கிரேடு வந்தது. அவர்கள் காரில் ஏறவே இல்லை. தங்கள் ஊரில் உட்கார்ந்தபடி இன்டர்நெட்டில் எங்கள் கம்பெனியைச் சுற்றி வந்து, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தப் பூட்டு பழசு என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே பக்கத்தில் நான்கு கம்பெனிகள். எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஏ. வெளி மாநிலத்துக் கம்பெனிகள் இரண்டுக்கு பி, சி. எங்களுக்கு டி, சிவப்பு எழுத்தில். கீழே ஒரு வரி: சி கிரேடுக்குக் கீழே இருப்பவர்களின் ஆர்டர் அடுத்த மதிப்பீட்டின்போது மறுபரிசீலனை செய்யப்படும்.

சாஹிப் அந்தத் தாளை மேஜையில் விரித்து, தோலைத் தடவுவது போல விரலால் தடவினார். தோலிலும் ஏ, பி, சி, டி உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணிக்கடி, முள் கீறல் பார்த்துப் பிரிப்பார்கள்.

“டி தோல நாம சோபாவுக்கு அடியில போடுவோம், யார் கண்ணுக்கும் படாத எடத்துல,” என்றார். “நம்மள எங்க போடப் போறான்?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எங்கள் இரண்டாவது தையல் லைன் முழுக்க அந்த ஒரே பையருக்காக ஓடுவது. ஆர்டர் போனால் லைன் போகும்.

2. ஜன்னல் இல்லாத வீடு

அந்த லைனுக்கு சூப்பர்வைசர் ஸ்டெல்லா. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருகிறவர். ஆள் குறைந்தால் தானே மெஷினில் உட்கார்ந்துவிடுவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நேராக என் ரூமுக்கு வந்தார்.

“சார், ஆபீஸ்ல எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க. எங்க லைன் இருக்குமா, இருக்காதா?”

“இருக்கும்மா.”

“சிரிக்காம சொல்றீங்களே சார். அதான் பயமா இருக்குது.”

அன்று மாலையே ஏ கிரேடு கம்பெனிக்குப் போனேன். அங்கே இ.டி.பி. பார்க்கும் இர்ஃபான் என் பழைய சிநேகிதன். போட்டிக் கம்பெனிக்காரனிடம் போய் ரகசியம் கேட்பதா என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் அது வழக்கம். ஒரு கம்பெனியில் நூல் தீர்ந்தால் அடுத்த கம்பெனியில் கைமாற்று வாங்கி வருவார்கள். கெமிக்கல் டிரம், ஊசி, ஜெனரேட்டர் டீசல், எல்லாம் போய் வரும். நான் ஏ கிரேடைக் கைமாற்றாகக் கேட்கப் போனேன்.

கேட்டுக்கு எதிர் டீக்கடையில் இர்ஃபான் சிரித்தான்.

“ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல தோஸ்த். வெப்சைட்டு எங்களுக்கு ஒரே பக்கம். ஒரு போட்டோ, ஒரு போன் நம்பர், அவ்ளோதான். வெளிய இருந்து பாத்தா எங்க வீட்ல ஜன்னலே கெடையாது. உள்ள வந்து பாத்தா கதவே கெடையாது.”

“இன்னா சொல்ற?”

“ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. பேக்கப் டிஸ்க்கு சர்வர்லயே சொருகிக் கெடக்குது.”

“கழட்டித் தனியா வைக்கறதுதானே?”

“தெனம் கழட்டி மாட்ட யாரு பேஜார் படறது? மொதல்ல நீ ஒரு சி வாங்கு. அப்புறம் ஏ கிரேடுக்கு புத்தி சொல்லு.”

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். ஏ கிரேடு ஆயிற்றே.

எங்கள் டி கிரேடுக்குக் காரணம் கட்டிங் டேபிள். எந்தத் தோலில் எந்தத் துண்டை எப்படி வெட்டுவது என்று கத்திக்குச் சொல்லும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் அதில் இருந்தது. ஒருமுறை மெஷின் நின்றபோது, அதை விற்ற வெளிநாட்டுக் கம்பெனி இன்டர்நெட் வழியாகவே உள்ளே வந்து சரிசெய்தது. அதற்காகத் திறந்த வழியை யாரும் மூடவில்லை. பாஸ்வேர்டு எங்கள் கம்பெனிப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம்.

வழியை மூடினேன். கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது வைத்தேன். கழற்றும் முன் அதிலிருந்த எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து ஆபீஸ் பீரோவில் பூட்டினேன். பிறகு பீரோ எரிந்துவிட்டால் என்று பயந்து இன்னொரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டு அலமாரியில் புடவைக்கு அடியில் அதைப் பார்த்த என் மனைவி, “இது இன்னா, யாருக்கும் தெரியாம சீட்டு கட்றீங்களா?” என்றாள். ஹார்ட் டிஸ்க் என்றேன். நம்பவில்லை.

சில வாரம் கழித்து இடைக்கால கிரேடு வந்தது. எங்களுக்கு சி. சாஹிப் முந்திரி டப்பாவைத் திறக்கச் சொன்னார். கொஞ்சம் சிக்கு வாடை அடித்தது. எல்லாரும் சாப்பிட்டோம்.

3. கத்திக்கு வழி தெரியவில்லை

ஒருநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் இர்ஃபான் போன் செய்தான்.

“ஜெயா, எல்லாம் பூட்டிக்கிச்சி.”

“இன்னா பூட்டிக்கிச்சி?”

“எல்லாம்.”

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே தையல் லைன் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போகலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்களுக்கே தெரியவில்லை. ஆபீசில் எல்லா ஸ்க்ரீனிலும் ஒரே செய்தி: பணம் கொடுத்தால் ஃபைல் திரும்பக் கிடைக்கும். ஷிப்பிங் ஏஜென்ட் பெயரில் வந்த ஒரு போலி மெயிலை யாரோ திறந்திருக்கிறார்கள். ஒரே பாஸ்வேர்டு என்பதால் ஒரு ரூமில் நுழைந்தது எல்லா ரூமுக்கும் போய்விட்டது. சர்வரில் சொருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் சர்வரோடு சேர்ந்து பூட்டிக்கொண்டது.

கட்டிங் டேபிளில் தோல் விரித்தபடி கிடந்தது. கத்தி எங்கே போகவேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன் ஃபைல்கள் இல்லை. பையரிடம் வரைபடம்தான் இருக்கும். தோல் எங்கே இழுக்கும், எங்கே மடியும் என்று கணக்குப் பார்த்துத் துண்டு துண்டாகப் பேட்டர்ன் போடுவது ஒவ்வொரு கம்பெனியின் சொந்த உழைப்பு. ஒரு மாடலுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இர்ஃபான் சர்வர் ரூம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“ஏ கிரேடு ஷீட்ட எங்க முதலாளி நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சிருக்காரு தோஸ்த். அதக் கிழிக்கவா, வேணாமா?”

நானும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

திரும்பி வந்து எங்கள் கட்டிங் ஹாலில் நடந்ததைச் சொன்னேன். கட்டிங் டேபிள் ஓட்டும் சம்பத் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அவங்க பேட்டர்ன் நம்ம பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சே சார். எடுத்துட்டீங்களா?”

“அவங்களுது நம்மகிட்ட எப்படி?”

“சீசன் ஆரம்பத்துல அவங்க மெஷின்ல கத்தி மோட்டார் போச்சில்ல? நம்ம டேபிள்லதானே வெட்டிக்கினு போனாங்க. பென் டிரைவ்ல கொண்ணாந்து போட்டாங்க. யாரு அழிச்சா?”

நூல், டிரம், டீசல் போல டேபிளும் கைமாற்றாகப் போயிருக்கிறது. பீரோவைத் திறந்தேன். நெட்டோடு சேராத ஒரு கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அவர்களுடைய இந்த சீசன் மாடல்கள் எல்லாம் முழுசாக இருந்தன.

உடனே சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். பயந்தேன். ஒரு கம்பெனியின் மாடலை இன்னொரு கம்பெனி பார்க்கவே கூடாது என்பது பையரின் ஒப்பந்தம். நாங்களோ அதை உலகத்துக்கே திறந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தோம். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அழிப்பதற்கு ஒரே ஒரு பட்டன்தான். என் விரலுக்கு அந்தப் பட்டன் இருக்கும் இடம் நன்றாகத் தெரியும்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சாஹிப் ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“குடுக்கலன்னா இன்னா ஆகும்?” என்றார்.

“அவங்க எந்திரிக்க ரொம்ப மாசம் ஆகும் சாஹிப். அந்த ஆர்டர்ல பாதி நமக்கு வரும்.”

“குடுத்தா?”

“பையருக்கு நம்ம யோக்கியத முழுசாத் தெரியும். நம்ம ஆர்டரும் போலாம்.”

“அது தெறந்து கெடந்தப்போ வேற யாராவது எடுத்துக்கினு போனானா?”

“தெரியாது சாஹிப். தெரிஞ்சிக்கவும் வழியில்ல.”

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

“டிரம் வாங்கினா டிரம்மத் திருப்பிக் குடுக்கறோம். இது அவங்க சரக்கு, நம்மகிட்ட மறந்துபோய்க் கெடக்குது. இதுல யோசிக்க இன்னா இருக்குது? பையருக்கும் நாமளே எழுதிடலாம். அவன் கேக்கறதுக்கு முன்னாடி. நீதான் எழுதற. ஒரு எடத்துல கூடத் தமாஷ் பண்ணாத.”

“சரி சாஹிப்.”

“அதுக்கு முன்னாடி ஸ்டெல்லாகிட்ட போய்ச் சொல்லு. அவங்க லைனப் பணயம் வெச்சித்தான் நாம நியாயம் பேசறோம்.”

சொன்னேன். ஸ்டெல்லா மெஷினை நிறுத்தாமல் கேட்டார். கையிலிருந்த தையலை முடித்து, நூலை வெட்டிவிட்டுத்தான் பேசினார்.

“எங்க நாத்தனார் அந்தக் கம்பெனிலதான் சார் வேல செய்யறா. இன்னிக்கி கேட்டோட திருப்பி அனுப்பிட்டாங்களாம். குடுத்துடுங்க.” பிறகு, “குடுத்துட்டு எங்களுக்கு இன்னா வழின்னும் பாருங்க. ரெண்டாவது வேலைய மறந்துடாதீங்க,” என்றார்.

4. நடந்தது

அவர்கள் பேட்டர்ன்களை மட்டும் தனி டிஸ்க்கில் போட்டு இர்ஃபான் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு காப்பியிலிருந்தும் அவற்றை அழித்தேன். அதில் வைரஸ் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, “இத தெனம் கழட்டி வைக்கணுமா?” என்றான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பையருக்கு மெயில் எழுதினேன். நான் எழுதியதிலேயே தமாஷ் இல்லாத ஒரே கடிதம் அதுதான்.

அந்த மெயிலை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒப்பிட்டவர்கள் நான்கு கம்பெனிகளை நான்கு கட்டத்தில் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, எங்கள் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு வீட்டுக்குள் இருப்பது தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே கொல்லைப்பக்கம் போய்வருகிற வழியும் தெரியாது. ஏ வந்தால் தூங்காதீர்கள், டி வந்தால் பெயின்ட் வாங்காதீர்கள். பேக்கப்பைக் கழற்றித் தனியாக வையுங்கள். அடுத்தவன் சரக்கு உங்களிடம் இருந்தால், கேட்கும் முன் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பையர் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார்கள். எங்கள் ஆர்டரை அந்த சீசனுக்கு நிறுத்தி வைத்தார்கள்.

பேட்டர்ன் கிடைத்ததும் இர்ஃபான் கம்பெனியில் கத்தி ஓடியது. ஆனால் நின்ற நாட்களின் வேலை குவிந்து கிடந்தது, கன்டெய்னர் தேதி மாறாது. வெட்டிய தோலைத் தைக்க அவர்களுக்கு ஆள் போதவில்லை. இந்தத் தடவை பையரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தத் தையலை எங்களுக்கு ஜாப் ஒர்க்காக, கூலிக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த ஒப்பீட்டுத் தாளில் எங்களுக்கு பி, இர்ஃபான் கம்பெனிக்கு டி. அந்தத் தாள் வந்த அன்று எங்கள் இரண்டாவது லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தைத்துக்கொண்டிருந்தது அவர்கள் சோபாவின் கவரை.