சத்தியவேட்டு ரேஸ் வண்டியில் ஏறிய கல்

சத்தியவேட்டில் லாரி ரிப்பேர் பார்த்த வேதாச்சலம் அதிர்ந்து பேசாத மனிதர். இஞ்சினைத் திறக்கும் முன் திருத்தணி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். அவருக்குப் போய் ரேஸ் பைத்தியம் பிடித்தது. சோழவரத்தில், சண்டைக் காலத்து விமானத் திடலில், பெரிய மனிதர்கள் கார் பந்தயம் விடுவதை வேலியோரம் நின்று ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், ஊருக்குத் திரும்பியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய போர்டு காரை இழுத்துவந்து உயிர் கொடுத்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு வண்டியின் டயர். பானெட்டுக்குக் கோயில் மதிலில் அடித்து மிஞ்சிய காவி. ஓட்டுவதற்குத் தங்கை தாட்சாயணியின் புருஷன் கன்னையா, கூடமாட ஒத்தாசைக்கு பெயிண்டர் நாகையா. மூன்று பேர்தான் அந்த டீம்.

வற்றிய ஏரிக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். பளுவைக் குறைக்க இடப்பக்க சீட்டைக் கழற்றி எறிந்திருந்ததால், இடது வளைவில் அந்தப் பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. இரும்பு வாங்க வழியில்லை. அப்போது மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்து, ஊத்துக்கோட்டை ரோட்டில் சர்வே கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பர் எழுதாத ஒரு கல் மட்டும் புளியமரத்தடியில் தனியே சாய்ந்து கிடந்தது.

"கவர்மெண்டு கல்லு அண்ணா. ரெண்டு ராஜ்ஜியமும் பங்கு போட்டு மிச்சம் வுட்டது. நமக்கு ஒரு பங்கு வாணாமா?" என்றான் நாகையா.

மூன்று பேரும் மூச்சுத் திணறத் தூக்கி, சீட்டு இருந்த இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள்.

அன்றிலிருந்து வண்டி தரையில் ஒட்டிக்கொண்டு ஓடியது. கன்னையா ஓட்டும் விதமே மாறிவிட்டது. வளைவு வருமுன் ஹாரனை மூன்று முறை அடித்தான். வெற்றிலைகூடப் போடாதவன் வாயில் பீடி புகைந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் ஏரிக்கரையில் நின்ற வேதாச்சலம், அவன் இடப்பக்கம் திரும்பிச் சிரித்துப் பேசிக்கொண்டே போவதைப் பார்த்தார். பேச்சு நடுவில் நின்று, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தொடர்ந்தது.

"யார்கிட்ட மாப்ள பேசிக்கினு வர?"

"நானா? நான் எங்க மச்சான் பேசினேன்?"

பந்தயத்தன்று வெள்ளென கன்னையாவும் நாகையாவும் காரோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு லாரிக்கு பிரேக் வேலை பாக்கி இருந்ததால் வேதாச்சலம் பின்னால் போவதாக ஏற்பாடு. தாட்சாயணி ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, உன் வண்டி ஜெயிக்கட்டும், தோக்கட்டும். எனக்கு அவரு வேணும். எட்டு நாளா சோறு துன்னல. கூப்டா, யாரோ பொம்பள கூப்டறாப்பல பாக்கறாரு."

பிரேக் வேலைக்குக் காத்திருந்த லாரிக்காரன் கோவர்த்தனன் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"காலமே கெட்டுப்போச்சும்மா. ஊத்துக்கோட்ட ரோட்டுல நம்மாளு கல்லையே காணோம். சர்வேகாரன் புடுங்கிட்டான்னு பேசிக்கறாங்க."

"எந்தக் கல்லு?" என்றார் வேதாச்சலம்.

"இன்னாண்ணா, தெரியாதா? புளியமரத்தாண்ட லாரி கவுந்து ஒரு டிரைவர் செத்தான். எந்த ஊருன்னே தெரில. கேக்க ஆளில்லன்னு நாங்கதான் கல்லு நட்டோம். தாண்டறவன் மூணு ஹாரன் அடிச்சி, ஒரு பீடி பத்தவச்சி வச்சிட்டுத்தான் போவான்."

லாரிகளை ஷெட்டிலேயே பார்த்த மனிதர், அவை ரோட்டில் எங்கே நின்று போகும் என்று கேட்டதேயில்லை. பிரேக்கை மாட்டி முடித்த கையோடு அந்த லாரியிலேயே ஏறிச் சோழவரம் போனார்.

திடலில் வண்டிகள் வரிசையில் நின்றன. நாகையா முகம் வெளுத்து ஓடிவந்தான். "அண்ணா, வழியெல்லாம் பின்னாடி குந்திக்கினு வந்தேன். முன்னாடி ரெண்டு குரல் கேட்டுது."

வேதாச்சலம் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். கன்னையா அவர் மணிக்கட்டைப் பிடித்தான். நெருப்பாய்ச் சுட்டது கை. "அவரு எறங்க மாட்டாராம் மச்சான்."

வேதாச்சலம் கல் இருந்த இடப்பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, தெரியாம உன் எடத்தக் கெடுத்துட்டோம். இவன் புள்ளகுட்டி பெத்து வாழ வேண்டியவன். வுட்டுடு. துணை வேணும்னா என்கூட வா. நான் ஒண்டிக்கட்டை. இருக்கறவரைக்கும் உன்ன வுடமாட்டேன். முருகன் மேல ஆணை."

கல்லைத் தூக்கினார். மூன்று பேர் திணறிய கல், பச்சைக் குழந்தை கனம்தான் கனத்தது.

கொடி விழுந்தது. மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிப் பறந்தன. காவி பூசிய வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கன்னையா தூங்கி எழுந்தவன்போல் சுற்றிலும் பார்த்து, "மச்சான், பசிக்குது" என்று அழுதான்.

சாயங்காலம் புளியமரத்தடிக்குப் போனார்கள். பழைய குழியில் நம்பர் எழுதிய சர்க்கார் கல் நின்றது. அதிலிருந்து ஓர் அடி தள்ளிக் குழி தோண்டி நட்டார்கள்.

அதன்பிறகு அந்த டீம் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. கன்னையா பஸ் ஓட்டி, மூன்று பிள்ளைகள் பெற்றான். வேதாச்சலம் தெருவில் நடக்கும்போது இடப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டே நடந்தார். கேலி செய்தவர்களுக்குச் சிரிப்புத்தான் பதில்.

அமாவாசைக்கு அமாவாசை தங்கை வீட்டில் அவருக்குச் சாப்பாடு. தாட்சாயணி அண்ணனுக்கு இலை போட்டு, அவர் சொன்னபடி பக்கத்தில் இன்னொன்றும் போடுவாள். இரண்டிலும் சோறு வைப்பாள். ஒருநாளும் அவள் யாருக்கு என்று கேட்டதில்லை. அந்த இரண்டாவது இலையை எடுக்கும்போது மட்டும், சோறு அப்படியே இருக்கிறதா என்று பார்க்காமல், கண்ணை மூடிக்கொள்வாள்.