கல்லாறு போகாத டிக்கெட்

நாங்கள் செய்த பஸ் டிக்கெட் மெஷின், ஏறும் இடம் "தம்பானூர்" என்று அச்சடிக்கும். இறங்கும் இடம் "கல்லாறு" என்று அடிப்பதற்குள் அணைந்துவிடும். மாதிரிக்குச் செய்த பத்து மெஷின்களும் அப்படித்தான்.

உள்ளே பவர் மேனேஜ்மெண்ட் சிப் என்று ஒன்று உண்டு. பேட்டரியின் மின்சாரத்தைத் திரைக்கு இவ்வளவு, பிரிண்டருக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பது அதன் வேலை. எதற்கு எவ்வளவு என்று நாம்தான் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே கோளாறு வேறெங்கோதான் இருக்க வேண்டும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எங்கள் ஆபீஸில் கோளாறு என்றால் முதலில் மீட்டிங், பிறகு சாயா, பிறகு இன்னொரு மீட்டிங். மூன்றாவது மீட்டிங்கில், சிப்பைப் போர்டில் ஈயத்தால் பற்றவைத்த சோல்டரிங் சரியில்லை என்று மேனேஜர் மலையாளத்தில் தீர்ப்பு வழங்கினார். அதை அவர் காதில் போட்டவன் நான்தான். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதென்றும் முடிவானது. சிப்பின் கையேட்டைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சோல்டரிங் செய்தவர் பாறசாலையிலிருந்து வரும் ஒரு அக்கா. ஆபீஸில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். அந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். சோல்டரிங் மேல் புகார் நின்றால் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும்.

"எனக்க சோல்டரிங் கேடுன்னா ஒண்ணோ ரெண்டோ போவும் சாரே. பத்தும் ஒரே இடத்துல நிக்குமா?" என்று கேட்டார்.

சம்பளம் வாங்கும் இன்ஜினியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் மழுப்பிவிட்டு, ஒரு போர்டில் சிப்பை மாற்றச் சொன்னேன். மாற்றினார், பலனில்லை. மறுபடியும் மாற்றச் சொன்னேன், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவையும் மாற்றச் சொல்லி, போர்டு வந்ததும் மின்சார அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்து, இப்போது அலை ஒழுங்காக இருக்கிறது, பழைய சோல்டரிங்தான் கெட்டது என்று ரிப்போர்ட்டே எழுதினேன். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மெஷின் தம்பானூரைத் தாண்டவில்லை.

வேறு வழியில்லாமல் கையேட்டைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டது. பிரிண்டரே இல்லாத ஒரு பழைய மெஷினுக்கு எழுதிய மின்சார வரம்பை அப்படியே எடுத்து இதற்கும் ஒட்டியிருந்தேன். பிரிண்டர் ஓடத் தொடங்கி, மின்சாரம் அந்தச் சின்ன வரம்பைத் தாண்டியதும், எங்கோ ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து சிப் எல்லாவற்றையும் அணைத்தது. பாவம், நான் சொன்னதைத்தான் அது செய்தது. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். கல்லாறும் வந்தது, கட்டணமும் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

தவறு என்னுடையது, சோல்டரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். அனுப்புவதா வேண்டாமா என்று ஒன்றரை நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கண் கலங்குவார், பெரிய மனசு என்று சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். மூன்று சிப்பை வீணாக மாற்ற வைத்துவிட்டேன் அக்கா என்றேன்.

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு இல்ல சாரே, ரெண்டு. மூணாவது தடவ நான் மாத்தவே இல்ல. தொடச்சு அப்படியே தந்தேன். நீங்கதான் அலை நல்லாருக்குன்னு எழுதினிய."